நாலாம் நம்பரின் சம்மதம்

அன்புள்ள மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நீ நேரத்துக்குத் தூங்கி எழுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம்தான், நலம் என்றால் அப்பாவுக்கு இடுப்பு வலி போன வாரத்தைவிடக் குறைவு, எனக்கு நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக் காது மடல் கன்றிப்போயிருக்கிறது. வாஷிங் மெஷின் நின்றுவிட்டது, ஊர் லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றவன் இதைப் பண்ணமாட்டேனா என்று அப்பா அதைப் பிரித்துப்போட்டு மூன்று நாளாகிறது, வீடெல்லாம் திருகாணி, செருப்புப் போட்டுத்தான் நடக்கிறோம்.

போனில் சொல்ல நாலைந்து தடவை வாயெடுத்தேன், வரவில்லை. கருத்தரங்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே நான் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். எங்கள் மொழியியல் துறை வேறொரு பல்கலைக்கழகத்தோடு பரிமாற்ற ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அவர்கள் ஆய்வாளர் ஒருவர் வந்து ஒரு மாதமாகக் குழந்தைகளின் பேச்சுப் பதிவுகளைக் கேட்கிறார், இங்கிருந்து ஒருவர் ஆறு மாதம் அங்கே போகவேண்டும். இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை வாரம் ஒருநாள் உன்னை ஒரு சின்ன அறையில் பொம்மைகளோடு விட்டு நீ பேசுவதைப் பதிவு செய்தோமே, அவைதான். ஆறு குழந்தைகள், பெயர் வெளியே தெரியக்கூடாது என்று நம்பர் கொடுத்தார்கள், நீ நாலு. நம்ம நாலாம் நம்பர் அங்கயாவது வாய மூடுறாளா என்று எங்கள் பேராசிரியை இன்றைக்கும் கேட்கிறார்.

வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மத்ததுல அம்மாக்கள் பேசிட்டே இருக்காங்க, நாலுலதான் குழந்தை குரல் சுத்தமா இருக்கு, அது போதும் என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மூலையில் புத்தகத்தோடு உட்காரவேண்டும், குழந்தை கூப்பிட்டாலும் பதில் சொல்லக்கூடாது, அதுதான் விதி. மற்றவர்கள் ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள், விதியை மீறலாம் என்பதே எனக்குத் தெரியாது.

போன வாரம் வீட்டில் உன் பதிவுகளை அன்றைக்கு நான் எழுதிய குறிப்புகளோடு சரிபார்த்தேன். ஒன்றில் உனக்கு மூன்று வயது, அடுக்கிய கட்டைகள் காலில் விழுகின்றன. ஏழு தடவை அம்மா என்று கூப்பிடுகிறாய். நடுவில் உள்ள மௌனத்தை நான்தான் அளந்து எழுதியிருக்கிறேன், நாலு வினாடி, ஆறு வினாடி, கடைசியில் பதினொன்று. கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. அப்புறம் நீ பொம்மையிடம், அம்மா படிக்கிறா, சத்தம் போடாத என்கிறாய். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போய், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன். அப்பாவிடம் சொன்னதற்கு ஸ்க்ரூடிரைவரை நீட்டிக்கொண்டு, அதான் இப்ப நம்மள ஒரு வார்த்தை பேசவிடாம வட்டியும் முதலுமா வாங்கிட்டாளே, விடு என்றார். விடமுடியவில்லை.

அன்றைக்கு உனக்காகச் சம்மதப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். இப்போது நீ பெரியவள், பதிவை வெளியே கொடுக்க நீயே போடவேண்டும். வேண்டாம் என்றால் அது எங்கும் போகாது, அழிக்கச் சொன்னாலும் அழித்துவிடுவார்கள். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. ஆறு மாதம் போகிற ஆளாகப் பேராசிரியை என் பெயரைத்தான் எழுதியிருக்கிறார், நாலாம் நம்பர் இல்லையென்றால் அந்தப் பயணமும் இல்லை. இத்தனை வருஷத்தில் என் பெயர் ஒரு திட்டத்தில் வருவது இதுதான் முதல்முறை. ஒரே வேலையில் சலித்துப்போயிருக்கிறேன், போகவேண்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது. அந்த ஆசைக்காக நீ கையெழுத்துப் போட்டாய் என்று தெரிந்தால் என்னால் அங்கே ஒருநாள்கூட இருக்கமுடியாது.

படிவமும் அந்த நாளின் பதிவும் இதோடு இருக்கின்றன. முதலில் கேள், பிறகு முடிவு செய். எதுவானாலும் இருபதாம் தேதிக்குள் அனுப்பு, தள்ளிப்போடாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு.

அந்த ஏழு தடவைக்கும் சேர்த்து இப்போது கேட்கிறேன், என்னடி, ரொம்ப வலிச்சுதா?

உன் அம்மா