மூன்றாம் பாகத்தில் நிரப்பாத இடம்

அன்பான உனக்கு,

நேற்று உன் பெட்டிகளைத் திறந்ததும் வீடு முழுக்கக் கருவாட்டு மணம். நாம் சேர்ந்து எழுதிய மன்னார் வரலாற்றின் கையெழுத்துப் பிரதிகள், அச்சுப்படிகள், அச்சகத்தோடு நீ போட்ட சண்டைக் கடிதங்கள் எல்லாவற்றையும் வாங்கிப் பாதுகாக்கப் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து இருவர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீன் வாடிக்குள்ளயோ அக்கா வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாழ்வுபாட்டு மீனவர் கிராமத்தில் கருவாடு கட்டி அனுப்பும் அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தவள் நீதானே. "எடி, இந்த மணத்துக்குக் கறையான் கிட்டவும் வராது" என்றாய். கறையான் வரவில்லைதான், பூனைகள் வந்தன. இரண்டாம் பாகத்தின் அச்சுப்படியில் நகக் கீறல் இன்னும் இருக்கிறது.

பெட்டிகளைக் கொடுத்தேன். தாழ்வுபாட்டுத் திரேசம்மா அக்காவின் மகனுடைய படம் இருந்த உறையை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தை வாங்கப் போன நாள் உனக்கு மறந்திருக்காது. யார் வீட்டிலும் படத்தை வாங்குமுன், அதற்குக் கீழே என்ன எழுதப்போகிறோம் என்று வீட்டார் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவது உன் வழக்கம். அவர்கள் ஓம் என்ற பிறகுதான் படம் நம் கைக்கு வரும். இதனால் ஒரு வீட்டுக்கு மூன்று தரம் தேத்தண்ணீர் குடித்தோம். திரேசம்மா அக்காவுக்கு நீ பெயரையும் பிறந்த ஆண்டையும் வாசித்தாய். பிறகு நிறுத்தினாய். மகனைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டு வந்து விடவில்லை. அதற்குமேல் அவவுக்கு எதுவும் தெரியாது. "மிச்சத்தை அவன் வந்து சொல்லட்டும்" என்றா. நீ ஒரு கோடு போட்டு, அதற்குப் பின்னால் இடம் விட்டாய். அவ சுவரிலிருந்து படத்தைக் கழற்றித் தந்தா.

அந்த இடத்தால்தான் மூன்றாம் பாகம் நின்றது. "இறந்தவர்கள்" என்ற அத்தியாயத்தில் இறந்த ஆண்டு இல்லாமல் ஒரு படம் வரக்கூடாது என்றது வெளியீட்டுக் குழு. அவன் அந்த அத்தியாயத்துக்கு உரியவனே இல்லை என்றாய் நீ. இழுபறி முடியுமுன் நீ கண்ணை மூடிவிட்டாய். உன்னில் எனக்குக் கோபம். வழக்கை என் தலையில் போட்டுவிட்டுப் போவதா?

போன கிழமை குழுவில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். கடைசி அச்சுப்படியில் நான் கையெழுத்து வைத்தால் அச்சுக்குப் போகலாம். ஒன்றில் ஆண்டை எழுத வேண்டும், இல்லாவிட்டால் படத்தை எடுக்க வேண்டும். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. இந்தப் புத்தகத்தில் தங்கள் ஆட்களைப் பார்க்கக் காத்திருந்த கிழவர் கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு படத்துக்காக மற்றவர்களையும் காக்க வைக்கலாமா? இதை நினைத்து நித்திரை இல்லை.

அதனால் நேற்றுப் பின்னேரம் தாழ்வுபாட்டுக்குப் போனேன். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று எண்ணினேன். அக்கா முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தா.

"புத்தகம் வந்திட்டுதோ பிள்ளை?"

"இன்னும் இல்லையக்கா."

"பிறகேன் படத்தைக் கொண்டு வந்தனீ?"

நான் உறையை நீட்டினேன். அவ கையைச் சட்டையில் துடைத்துவிட்டு உறையை வாங்கினா. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. திரும்ப உறைக்குள் வைத்து என் கையில் தந்தா.

"புத்தகத்தோட கொண்டு வா. எங்கையாவது இருக்கிற ஆரும் பாத்திட்டு அவன் இருக்கிற இடத்தைச் சொல்லுவினம். அப்பிடித்தானே நீங்கள் ரெண்டு பேரும் சொன்னனீங்கள்."

சொன்னது நீ. பக்கத்தில் இருந்து தலையாட்டியது நான்.

இன்று காலை குழுவுக்குப் போன் எடுத்தேன். படம் இருக்கும், கோடு இருக்கும், இடம் வெறுமையாக இருக்கும், அப்படியென்றால் கையெழுத்து வைக்கிறேன் என்றேன். "அப்ப புத்தகம் வராட்டி அந்தப் பழி உங்களுக்குத்தான்" என்றார்கள். ஓம் என்றேன். நான் செய்தது சரியா என்று கேட்க நீ இல்லை.

படம் என் கைப்பையில் இருக்கிறது, பையெல்லாம் கருவாட்டு மணம். அக்கா வீட்டுச் சுவரில் அந்தப் படம் தொங்கிய ஆணி அப்படியே இருக்கிறது. அதில் அவ இன்னும் வேறொன்றும் கொழுவவில்லை.