கையெழுத்துப் போட்ட தாள்

டிமிஷ்வாரா, 27 டிசம்பர் 1989

என் கண்ணே ருக்ஸாந்த்ரா,

இருபத்து நான்கு வருடம் இந்த நாட்டையே ஆட்டிப்படைத்த சர்வாதிகாரியைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நேற்று கீழ்வீட்டு டோரினாவின் டிவி முன்னால் கட்டடமே கூடியிருந்தது. பிணத்தைக் காட்டியதும் எல்லோரும் கைதட்டினார்கள். உன் அப்பா மட்டும், "நல்லாப் பாருங்க, நெசமாவே அவன்தானா?" என்று மூன்று முறை கேட்டார்.

"அவனேதான் அண்ணே! வாய்விட்டுச் சிரிங்க!" என்றாள் டோரினா. அவர் தேம்பித் தேம்பி அழுதார்.

நீ எல்லை தாண்டிய வாரம், உன் தம்பியின் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, நீ எங்கள் மகளே இல்லை என்று போலீஸ்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டோம். ஆறு வருடமாக உன் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினோம்.

"எழுதுடி, இனிமே எவனும் பிரிச்சுப் படிக்கமாட்டான்" என்று அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டுக்கு வா.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா