கைப்பிடியில் தொங்கிய உங்கள் பூட்டு

சார்,

காலையில் ஜன்னல் கம்பியைத் துடைத்தபோது விரலில் உப்பு ஒட்டியது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வீடு இருந்தால் அப்படித்தான். யாரும் பார்க்கவில்லை என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். உடனே உங்கள் முகம் வந்துவிட்டது. நீங்கள் காலமான பிறகு வரும் முதல் கோடை இது.

எங்கள் சப்ஸ்டேஷனுக்கு நீங்கள் முதல்முறை பாதுகாப்பு ஆய்வுக்கு வந்த அன்று, தீயணைக்க மாட்டியிருந்த சிவப்பு வாளியிலிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து வாயில் போட்டீர்கள். வரிசையாக நின்றிருந்த நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதல் நாள்தான் வாளிகளுக்குப் பெயின்ட் அடித்து, பக்கத்தில் கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளி வந்து நிரப்பியிருந்தோம்.

"பீச்சையே இங்க கொண்டாந்துட்டீங்களா? உப்பு மணல் ஈரத்த இழுத்துக்கும். அவசரத்துக்குக் கொட்டினா கட்டியாத்தான் விழும். வேற போடுங்க."

எனக்குச் சுரீரென்றது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிரெஞ்சு பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். "வாளி பாக்க ஒரு முசே வந்துட்டாரு" என்று உங்கள் காதில் விழும்படியே சொன்னேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முசேன்னா ஐயான்னு மரியாதைதான்பா. அப்படியே கூப்புடு" என்றபடி அடுத்த வாளிக்குப் போய்விட்டீர்கள்.

அதன்பின் ஒவ்வோர் ஆய்விலும் நமக்குச் சண்டைதான். ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, எங்காவது கசிகிறதா என்று கன்னத்தருகே வைத்துப் பார்ப்பீர்கள். மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான்களில் படிந்திருக்கும் உப்பைக் காட்டித் திட்டுவீர்கள். நானும் சளைத்தவன் இல்லை. ஜல்லி கொட்ட வந்த கூலியாளாக அந்த சப்ஸ்டேஷன் யார்டுக்குள் நுழைந்து, வரைபடங்களைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டு ஆபரேட்டர் ஆனவன். எனக்கு ஒருவர் சொல்லித் தருவதா என்ற வீறாப்பு இருந்தது. இன்னும் இருக்கிறது.

ஆனால் உங்கள் பழக்கம் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. யார்டின் ஒரு பகுதிக்கு மின்சாரத்தைத் துண்டித்ததும், துண்டித்த கைப்பிடியில் உங்கள் சொந்தப் பூட்டை மாட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவீர்கள். நீங்கள் வெளியே வந்து திறக்கும்வரை யாராலும் மின்சாரம் கொடுக்க முடியாது. "பூட்டு தொங்கினா நான் உள்ள இருக்கேன்னு அர்த்தம்" என்பீர்கள். சைக்கிள் பூட்டு என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு அந்த அக்னி நட்சத்திர நாள். ஆய்வை முடித்து வெளியே வந்துகொண்டிருந்தபோது உங்களுக்குப் போன் வந்தது. அரியாங்குப்பம் வீட்டில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தீர்கள். பூட்டு கைப்பிடியிலேயே தொங்கியது, சாவி உங்கள் பையில். கூப்பிட்டால் நீங்கள் போனை எடுக்கவில்லை.

உழவர்கரைப் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லை. ஆபீஸ் போன் அலறிக்கொண்டே இருந்தது. எங்கள் இன்ஜினீயர் ரம்பத்தோடு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் போய்க் கைப்பிடியை மறைத்து நின்றுகொண்டேன்.

"தள்ளுய்யா. அவரு வண்டில போனத என் கண்ணால பாத்தேன்."

"நானும்தான் பாத்தேன் சார்."

"அப்புறம் என்ன?"

"பூட்டு இன்னும் போவலையே சார்."

"படிக்காத உனக்கு எதுக்குய்யா ரூலு?"

"எனக்குத் தெரிஞ்சதே ஒண்ணு ரெண்டு ரூலுதான். அதையும் புடுங்கிக்கிட்டா எப்படி?"

ரம்பம் வைத்திருந்தவர் சிரித்துவிட்டார். இன்ஜினீயருக்கு முகம் கறுத்துப் போனது. "இன்னியோட உன் வேலைய மறந்துடு" என்றார். சான்றிதழ் இல்லாத என்னை வேறு யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நகரவில்லை.

கடைசியில் உங்களைத் தேடி ஆள் போனது. அம்மாவை ஆஸ்பத்திரியில் தங்கையிடம் விட்டுவிட்டு, பாலத்து நெரிசலைத் தாண்டி, சட்டை நனைய வந்து சேர்ந்தீர்கள். வந்ததும் பூட்டைத் தொடவில்லை. துண்டித்திருந்த பகுதியைச் சுற்றி வந்து, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தீர்கள். யாரும் இல்லை. அதன் பிறகே திறந்தீர்கள்.

"பாத்தீங்களா? ஒரு குருவிகூட இல்ல" என்றார் இன்ஜினீயர். "இந்தாளால ஊரே வேர்த்துக் கெடக்குது."

"அறுத்திருந்தா இன்னிக்கு ஒண்ணும் ஆயிருக்காது சார்" என்றீர்கள். "பயமே அதான். ஒண்ணும் ஆவலன்னு அடுத்த வாட்டியும் அறுப்பீங்க. உள்ள ஆள் இருக்கற நாளும் ஒண்ணு வரும்."

மறந்தது நீங்கள், ஆபரேட்டர் செய்தது சரி என்று உங்கள் ஆய்வுக் குறிப்பிலேயே எழுதினீர்கள். அதனால் வேலை தப்பியது. ஆனால் மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை என்ற மெமோ அப்படியே இருந்துவிட்டது. பதவி உயர்வும் அதோடு போயிற்று. "நீங்க எழுதியும் ரத்து பண்ணலையே" என்று உங்களிடம் கத்தினேன்.

"எழுத வேண்டியத எழுதிட்டேன். நீ கேட்டுக்கிட்டே இரு. சண்டை போடறதுல ஒன்ன மிஞ்ச ஆளா?"

எழுதியதோடு நின்றுவிட்டீர்களே என்று உங்கள் மேல் ரொம்ப நாள் கோபம். ஆனாலும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் வருடம் தவறாமல் மனுவோடு போகிறேன். போன வாரமும் போனேன்.

இப்போது அங்கே இன்ஜினீயராக இருப்பது கனகசெட்டிக்குளத்துப் பெண். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறாராம். மனுவைக் கொடுத்துவிட்டு, யார்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றேன். அந்தப் பெண் என் கையில் ஹெல்மெட்டையும் ஒரு பூட்டையும் கொடுத்தார்.

"உள்ள வேலை நடக்குது ஐயா. இத மாட்டிட்டு வாங்க. இங்க பெரியவரு சின்னவருன்னுலாம் கெடையாது."

கைப்பிடியில் ஏற்கெனவே பூட்டுகள் கொத்தாகத் தொங்கின. உள்ளே இருந்த ஒவ்வோர் ஆளுக்கும் ஒன்று. இது எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்குங்க. ஒரு இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு ஆய்வுலயும் இதையே எழுதி, சண்டை போட்டுக் கொண்டாந்தாராம்."

அந்த ஒரு குறிப்போடு நீங்கள் நிற்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது, சார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் குறை எனக்கு உண்டு.

திரும்பி வந்ததும் அந்தப் பெண் மனுவைப் படித்தார். மறுபடியும் படித்தார். "இதுக்கா மெமோ? பூட்ட அறுக்க விட்டா இன்னிக்கு நான் மெமோ குடுப்பேன் ஐயா." உங்கள் குறிப்பைத் தேடி எடுத்து, என் மனுவோடு சேர்த்து மேலே அனுப்பப் போவதாகச் சொன்னார். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

போவேன். ரத்தாகிவிடும் என்றுதான் தோன்றுகிறது. ஆகாவிட்டால் மறுபடியும் போவேன். நியாயம் கேட்டு இத்தனை நாளும் தனியாளாகத்தான் அந்தப் படியேறினேன். இனி அந்த யார்டில் வேலை செய்து முழுசாக வீடு திரும்புகிற ஒவ்வொருவரும் நம் இருவருக்கும் சாட்சி.