பத்து இருபதுக்குச் சொன்னீர்கள்

நாமக்கல்,
புரட்டாசி 9, வெள்ளி.

அன்பும் மதிப்பும் உள்ள மைதிலி அக்காவுக்கு, உங்களோடு ஒரே வார்டில் வேலை பார்த்த வெண்ணிலா எழுதிக்கொள்வது. நீங்களும் குருமூர்த்தி மாமாவும் அந்தக் குளிர் தேசத்தில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் கேட்டதில் முடிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண் பட்டியல் சீல் வைத்த உறையில் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டது. இங்கே டாக்டருக்குத் துணையாக நிற்கிற பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பை முடித்து மூன்று வருஷம் வார்டில் நின்றவரை, அமெரிக்காவில் அதே படிப்புக்கு மறுபடி விண்ணப்பம் போடச் சொல்கிறார்களே என்று என் அப்பாவுக்கு ஆற்றாமை. நோயாளிகளோடு இருந்த நேரத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள் என்றேன். "அந்தப் புள்ள ஊட்டுல இருந்த நேரத்தக் கேட்டாங்கன்னா வெரசாச் சொல்லிப்புடலாம்" என்றார். பழைய டியூட்டி நோட்டுகளைப் பார்த்துக் கூட்டினேன். ஏழாயிரம் மணி நேரத்துக்கு மேல் வருகிறது.

அதில் நம் ஆஸ்பத்திரி சர்ஜன் பூபதி டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். பரிந்துரைக் கடிதமும் அவர்தான் தர வேண்டும். இரண்டும் கிடைக்காது அக்கா. அதற்குக் காரணம் நான்தான். போனில் சொன்னால் பாதியில் நீங்கள் அழுதுவிடுவீர்கள், மீதியைச் சொல்லாமல் நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

விண்ணப்பத்தோடு வைக்கும் கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தீர்கள். எடப்பாடி சாலம்மாளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பித்தப்பை ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, வயிற்றைத் தொடவிடாமல் அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டது. நாடி நூற்று முப்பதுக்கு ஏறியது. பத்து இருபதுக்கு வார்டு போனிலிருந்து நீங்கள் டாக்டரைக் கூப்பிட்டது. அவர் திருச்செங்கோட்டு கிளினிக்கில் இருந்தபடி, வாயுவாக இருக்கும், ஊசி போடு என்றது. அப்புறமும் இரண்டு தடவை கூப்பிட்டீர்கள். அவர் வந்தபோது மணி ஐந்து. சேலத்துக்கு ஏற்றிய ஆம்புலன்ஸ் மல்லூர் தாண்டும் முன்பே சாலம்மாள் போய்விட்டார். அதில் ஒரு வரிகூட மிகை இல்லை. பக்கத்துக் கட்டிலுக்கு டிரிப்ஸ் பாட்டில் மாற்றிக்கொண்டு நானும் அங்கேதானே நின்றேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும் கேஸ் ஷீட் வேறு சொல்கிறது. டாக்டருக்குத் தகவல் சொன்ன நேரம் மாலை நான்கு ஐம்பது. கீழே உங்கள் பெயர்.

அதை எழுதியது நான்.

நீங்கள் விமானம் ஏறி ஒரு மாதம் இருக்கும். அப்போதுதான் சாலம்மாளின் வீட்டுக்காரர் சென்றாயன் புகார் கொடுத்தார். பூபதி டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மூன்று வருஷத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அன்றுதான். அப்பாவுக்கு டயாலிசிஸ் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். வாரம் இரண்டு தடவை நம் ஆஸ்பத்திரியிலேயே நடப்பது அவருக்குத் தெரியாதா? பிறகு ஒரு வெற்றுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். மைதிலிதான் இந்த ஊரிலேயே இல்லையே, அவளுக்கு இதனால் என்ன வந்துவிடப் போகிறது என்றார். உங்கள் எழுத்து எனக்குத் தெரியும். 'ம' போடும்போது நீங்கள் வாலை இழுப்பதைக்கூட விடாமல் எழுதிக் கொடுத்தேன். பழைய தாளை அவர் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

போன மாதம் சுகாதாரத் துறையிலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். சென்றாயன் தறியிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. அந்தத் தாளை அவருக்குப் படித்துக் காட்டினார்கள். அவர் டாக்டரைத் திட்டவில்லை அக்கா. வராந்தாவில் என்னைப் பார்த்து, "ஏஞ்சாமி, அந்த மைதிலிப் புள்ள எம்பொண்டாட்டி கையப் புடிச்சுக்கிட்டே இருந்துச்சே, நல்ல புள்ளைன்னு நெனச்சேனே. அதுவா பொழுதுக்கும் சொல்லாம இருந்துச்சு?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு மருந்து ட்ரேயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அதற்கு நான்காம் நாள் உங்கள் கட்டுரை வந்தது. அதில் என்னைப் பற்றியும் ஒரு வரி. மூன்றாம் தடவையும் நீங்கள் போனை வைத்தபோது கூட வேலை பார்த்த ஒரு பெண் தோளைத் தொட்டாள் என்று.

போன வியாழக்கிழமை விசாரணை அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்று மத்தியானமே என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு ஒரு கடிதமும் கிடையாது, மணி நேரத்துக்கும் கையெழுத்துக் கிடையாது என்று பூபதி டாக்டர் வாயிலில் நின்று சொன்னார். அப்பாவுக்கு இனி அங்கே டயாலிசிஸ் இல்லை, அரசு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருக்கிறோம். இன்னும் முறை வரவில்லை. இரண்டு கால்களும் வீங்கியிருக்கின்றன. அவரிடம் நடந்ததைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "எனக்காகவா அத எழுதுன?" என்று மட்டும் கேட்டார்.

அப்போது நம் ஆஸ்பத்திரியில் இருந்த மயக்க மருந்து டாக்டர் தெய்வநாயகி அம்மா இப்போது மோகனூரில் தனியாகக் கிளினிக் வைத்திருக்கிறார். நேற்று போய்ப் பார்த்தேன். அன்று நடந்தது அவருக்கும் தெரியும். இவ்வளவு நாள் சும்மா இருந்ததற்கு அவருக்கும் வெட்கம் இருக்கிறது. பரிந்துரைக் கடிதம் தருகிறேன் என்றார். ஒரே டாக்டரின் கடிதம் போதுமா, மணி நேரத்தை அவர் உறுதி செய்தால் அங்கே ஒப்புக்கொள்வார்களா என்பது எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. மாற்றி எழுதியவள் சொல்வது மட்டும் போதாது, முதலில் எழுதியவரும் எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறார் அதிகாரி. நீங்கள் எழுதினால் இந்த விசாரணையில் நீங்களும் நேராகச் சேர வேண்டியிருக்கும். எப்போதாவது விசாரணையில் இருந்தீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். ஆம் என்று போட வேண்டி வரும். உங்கள் இரண்டு வருஷ உழைப்பு இதோடு போனாலும் போகலாம். எழுதுங்கள் என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். சென்றாயன் உங்களைத் தப்பாக நினைத்துக்கொண்டே இருக்கக் கூடாது.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நீங்கள் திட்டி எழுதினாலும் அது எனக்கு வந்து சேர வேண்டும். அடுத்த மாதம் வாடகை வீட்டை மாற்றுகிறோம். அதனால் தெய்வநாயகி அம்மா விலாசத்துக்கே போடுங்கள்.

எந்த வருஷமானாலும் சரி, நீங்கள் அந்தப் படிப்பை முடிக்க வேண்டும் அக்கா. கூப்பிட்டால் உடனே வருகிற டாக்டர் உங்களுக்கு அமைய வேண்டும்.

இப்படிக்கு,
வெண்ணிலா