ஆறு மணிக்கு ஏறும் கோடு

ஆறு மணிக்கு ஒரு நாளும் எழத் தவறாத என் டாடிக்கு,

உங்கள் பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது. இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அது அடிக்கடி சூடாகித் தானாக அணைந்துபோன அந்தக் கோடை நினைவிருக்கிறதா? விவேக் நகர் வீட்டுக்கு வந்து பார்த்தால், தூசி படியக்கூடாதென்று மம்மி பின்னிய லேஸ் துணியைப் போர்த்தி, காற்று போகும் ஓட்டைகளையெல்லாம் அடைத்து வைத்திருந்தீர்கள். துணியை எடுத்துப் போட்டேன். அதன் சூட்டை அளந்து, ஊரின் மறுமுனையில், ஒயிட்ஃபீல்டில் இருக்கும் என் திரையில் கோடாக வரைந்துகாட்ட ஒரு புரோகிராமும் போட்டேன். "அப்பனுக்கு சுகர் எவ்ளோன்னு கேக்க மாட்டே, டப்பாவுக்கு ஜுரம் பாக்கறியா?" என்று கிண்டலடித்தீர்கள்.

ஆறு மணிக்குக் கோடு ஏறினால், கோயில் பாடகர் குழுவுக்குப் பாட்டு டைப் அடிக்க உட்கார்ந்துவிட்டீர்கள். ஒன்பதுக்கு இறங்கினால் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். டாடி நன்றாக இருக்கிறார் என்று நிம்மதியாக வேலையைப் பார்ப்பேன். போன் செய்வது வாரத்துக்கு ஒன்றானது, பிறகு அதுவும் குறைந்தது.

அன்றைக்கும் ஆறுக்கு ஏறியது. பத்து மணிக்கு மம்மி அழுதுகொண்டே கூப்பிட்டபோதும் நாற்பத்தெட்டு டிகிரியில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தீர்கள். என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை, டாடி.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், ஆறு மணிக்குக் கோடு ஏறியது. உடனே போன் செய்தேன்.

"மம்மி, கம்ப்யூட்டர யாரு போட்டது?"

"நான்தான்டி. எனக்கு என்ன தெரியும், ஸ்விட்ச் மட்டும் போடுவேன். 'ஆறு மணிக்கு போடலன்னா புள்ள பயந்துடும்'னு டாடி சொல்வாரே. ஜுரத்துல கெடந்தப்பகூட எழுந்து போட்டுட்டுத்தான் திரும்ப வந்து படுப்பார்."

நான் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துமா, ஏன் போன் செய்யவில்லை என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தீர்கள்?

இன்று காலை கோடு எழுபதைத் தாண்டிவிட்டது. மம்மி மறுபடி லேஸ் துணியைப் போர்த்திவிட்டார். போனில் சொன்னால் உடனே எடுத்துவிடுவார். நான் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன், நானே வந்து எடுக்கிறேன். அடுத்த வாரமும் போர்த்துவார். அப்போதும் வருவேன்.

ஆறு மணிக்கு நீங்கள் எழுப்பிவிட்ட உங்கள் புள்ள,
ரோஸ்லின்