காற்றில்லாத காலை

கர்த்தருக்குள் பிரியமானவளுக்கு,

போனில் சொன்னால் அங்கே உன் பக்கத்தில் பேறுகாலத்துக்குக் காத்திருக்கும் நம் மகள் காதிலும் விழும். அதனால் இன்று பெங்களூர் புறப்படும் போதகரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த கோல்ஃப் மட்டையோடு தினமும் காற்றாலைகளுக்குக் கீழே உள்ள தரிசுக்குப் போகிறேன் அல்லவா, இந்த வாரம் முழுக்கப் பந்து வலப்பக்கமே வளைந்து போனது. ஒவ்வொரு நாளும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். முதலில் கால் நிற்கும் இடம், பிறகு தோள். பயனில்லை.

“சாரே, எனக்க ஆடுகூட சொன்ன எடத்துக்குப் போவும்!” என்று பக்கத்து வீட்டு ராஜையன் சிரித்தான்.

“ஆரல்வாய்மொழிக் காத்துடே, நான் என்ன செய்ய?” என்றேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இன்று காலை ஒரு காற்றாலைகூடச் சுற்றவில்லை. பந்து அப்போதும் வலப்பக்கமே போனது. அடுத்த வீச்சில் மட்டை இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. போன வருடம் மரத்துப்போய் உன்னைப் பயமுறுத்திய அதே கை. பிடி தளர்ந்தால் அன்றைக்கே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானோ ஒரு வாரமாகக் காற்றின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக ராஜையன் ஆட்டோ கொண்டுவந்துவிட்டான். இடது கையால் தாளை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, அதுதான் வரிகள் சரிந்திருக்கின்றன. மகளிடம் ஏதாவது காரணம் சொல். பயப்படாதே; ஆனால் வா.

உன்னை எதிர்பார்த்து,
நான்