முப்பத்தொன்றாம் பக்கத்து வீடு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீயும் உன் கூட்டாளியும் சுகமாக இருக்க வேண்டும், அச்சு வேலை அச்சு வேலை என்று பட்டினி கிடக்காமல் இருக்க வேண்டும். நீ அனுப்பிய கவிதைக் கட்டு செவ்வாய்க்கிழமைப் படகில் வந்து சேர்ந்தது. புத்தகமாக அடிப்பதற்கு முன்னால் நம் தீவு விஷயம் எதுவும் தப்பாகிவிடக் கூடாது, பார்த்துச் சிவப்பு மையால் திருத்தி அனுப்பு அம்மா என்று எழுதியிருந்தாய். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவளிடம் கவிதையைத் திருத்தச் சொல்கிற பிள்ளை உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் இருப்பாய். ஆனாலும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை, கவுண்டரிலேயே பிரித்து, படகுக்கும் படகுக்கும் நடுவில் படித்தேன்.

ஏழாம் பக்கத்தில் படகு புறப்படும்போது இரண்டு முறை ஊதுகிறது என்று எழுதியிருக்கிறாய். வரும்போதுதான் இரண்டு, போகும்போது ஒன்று, நீளமாக. தீவை விட்டுப் போன ஒன்பது வருஷத்தில் அதுகூடவா மறந்துபோகும்? திருத்திவிட்டேன். தபால்காரம்மாவின் நாய் கறுப்பு இல்லை, செம்பட்டை. படகோட்டி அண்ணன் தன்னைப் பற்றிய பக்கத்தை என்னிடமிருந்து பிடுங்கிப் படித்துவிட்டு, நான் பேசுறத அப்படியே புடிச்சிருக்கான் பாரு உன் மகன், எனக்கு ரெண்டு புத்தகம் எடுத்து வை என்றார். அன்றைக்குப் படகில் ஏறினவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக் காதைத் தின்றுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அப்புறம் முப்பத்தொன்றாம் பக்கம். பூட்டிக் கிடக்கிற வீடு, ஜன்னல் கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கிறது, பூந்தொட்டிக்கு அடியில் சாவி துருப்பிடிக்கிறது, உள்ளே யாரும் இல்லை என்று. முதலில் வேறு யார் வீடோ என்று நினைத்தேன். மூன்றாவது படி உடைந்திருக்கிறது என்ற வரி வந்ததும் திரும்ப முதல் வரியிலிருந்து படித்தேன். அடப்பாவி, அது நம் வீடு. நான் என்ன செத்தா போய்விட்டேன்? அந்தக் கண்ணாடியைத் தினம் காலையில் ஈரத்துணியால் துடைக்கிறவள் யார்? கொண்டுபோன மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தேன். தபால்காரம்மா, கவிதைன்னா அப்படித்தான் அக்கா, இருக்கறத இல்லன்னு எழுதுவாங்க என்று சமாதானம் சொன்னாள். அப்படியானால் கடல் இல்லை என்று எழுத வேண்டியதுதானே, கடல் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது, என்னைத்தான் காணோம் என்றேன். அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கம் முழுவதையும் சிவப்பால் அடித்துவிடலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். ஞாயிறு படகு கிடையாது, உனக்குத் தெரியும். உன் அக்கா கல்யாணமாகிப் போய், அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, சனிக்கிழமைக் கடைசிப் படகுக்கு அப்புறம் நான் வாயைத் திறந்தால் அது திங்கட்கிழமை முதல் டிக்கெட்டுக்குத்தான். தொண்டை கட்டிக் குரலே வராது, என்னம்மா சளியா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவேன். இதை ஒரு கடிதத்திலும் நான் உனக்கு எழுதியதில்லை. ஊர்க் கதை முழுக்க எழுதுவேன், நாய் குட்டி போட்டதுவரை எழுதுவேன், என்னைப் பற்றிச் சுகம் என்று ஒரு வார்த்தையோடு சரி. என் கடிதத்திலேயே இல்லாதவளை உன் கவிதையில் தேடி என்ன பிரயோசனம்? தப்பு என்று அடிக்கக் கை வரவில்லை, சரி என்று விட மனசு வரவில்லை.

அதனால் மற்ற திருத்தமெல்லாம் சிவப்பு மை, அந்தப் பக்கத்தில் மட்டும் பென்சில். உள்ளே யாரும் இல்லை என்ற வரிக்குக் கீழே, ஒருத்தி இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறேன். கவிதை கெடும் என்றால் ரப்பரால் அழித்துவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நல்லா இரு ராசா. உன் புத்தகம் பத்து ஊர் போகட்டும். அச்சு மை கையோடு சாப்பிட உட்காராதே. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், எப்போதாவது வந்தால் பூந்தொட்டியைப் புரட்டிச் சாவி தேடாதே, அங்கே சாவி இல்லை. கதவைத் தட்டு. முழங்கால் வலியோடு நான் எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும், யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விடாதே.

இப்படிக்கு,
வீட்டில் இருக்கும் உன் அம்மா